அழைப்பு மணியில் ஆச்சியின் அப்பா பெயர்

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எஸ்லிங்கன் நகரில் அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் வாசலில் பத்து நிமிடம் முழித்துக்கொண்டு நின்றேன். கையில் தெருப் பெயரும் கட்டட எண்ணும் இருந்தன. எந்த மாடி, எந்த வீடு என்பது மட்டும் இல்லை. கேட்டு வாங்க மறந்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் எண் கிடையாது, அழைப்பு மணிப் பக்கத்தில் குடும்பப் பெயர்தான் இருக்கும், தபால்காரரும் அதைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எட்டுப் பொத்தான்கள். ஏழில் ஜெர்மன் பெயர்கள். எட்டாவதில் என் ஆச்சியின் அப்பா பெயர்.

அவர் சுடலைமாடன் சாமி பெயரைத் தாங்கியவர். தாமிரபரணிக் கரையில் நெல் விவசாயம் பார்த்தவர். மதுரைக்கு வடக்கே போனதே இல்லை என்று அம்மா சொல்வாள். அவர் பெயர் நெக்கார் ஆற்றங்கரையில் ஒரு பித்தளைத் தகட்டில், வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

அது அங்கே போன கதை சின்னது. ஆச்சியின் தம்பி, எங்கள் வீட்டுப் பேச்சில் 'ஜெர்மன் தாத்தா', 1962ல் ஸ்டுட்கார்ட்டுக்கு எந்திரவியல் படிக்கப் போனார். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னையில் ஐஐடி தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. எந்திரப் படிப்பு என்றால் ஜெர்மனிதான் என்று ஊரில் பேச்சு. பம்பாயில் கப்பல் ஏறி ஜெனோவாவில் இறங்கி, அங்கிருந்து ரயில். நம்மூரில் அப்பா பெயர் ஓர் இனிஷியலோடு அடங்கிவிடும். அங்கே அது செல்லாது, குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டும் என்றார்கள். தாத்தா இனிஷியலை விரித்து எழுதிக் கொடுத்துவிட்டார். 1967ல் அவரைக் கட்டிக்கொண்ட ஜெர்மன் பாட்டிக்கு அன்றைய சட்டப்படி அந்தப் பெயர் வந்தது. 1970ல் பிறந்த மகளுக்கும் அதேதான். மகள் கல்யாணம் ஆன பிறகும் அதை விடவில்லை. அவள் மகனுக்கும் அதுவே. ஊரில் எங்களில் ஒருவருக்குக்கூட அந்தப் பெயர் இல்லை.

தாத்தா 2011ல் தவறினார். அதற்கு முன்பே ஆச்சி போய்விட்டாள். இரண்டு பக்கமும் தொடர்பு அற்றுப்போய்ப் பல வருடங்கள். 2024 மே மாதம் அலுவலக வேலையாக ஒரு வாரம் ஃபிராங்க்ஃபர்ட் போக வேண்டி வந்தபோது, அம்மாதான் பழைய டைரியிலிருந்து முகவரியைத் தேடிக் கொடுத்தாள்.

மின்னஞ்சல் முகவரி இல்லை. ஒரு தாளில் நான் யார், யார் மகள், எப்போது வருகிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஆச்சியும் தாத்தாவும் சிறு வயதில் சேர்ந்து நிற்கும் புகைப்படத்தின் நகலையும் வைத்துத் தபாலில் அனுப்பினேன். அந்தப் படம்தான் வேலை செய்தது என்று பின்னால் தெரிந்தது. முன்பின் தெரியாத ஆள் உறவு சொல்லிக்கொண்டு எழுதினால் யாரும் சந்தேகப்படத்தான் செய்வார்கள்.

பதில் வரப் பதினெட்டு நாள் ஆனது. வந்த பதிலில் வரவேற்பு ஒரு வரி. மற்றதெல்லாம் கேள்விகள். எந்த ரயில்? எத்தனை மணிக்கு வரும்? என்ன சாப்பிடுவாய்? ஏதாவது ஒவ்வாமை உண்டா? ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய்? கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வாரதுக்கு முன்னாடியே எப்பப் போவன்னு கேக்காவளே" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். போய்ப் பார்த்தால், அந்த இரண்டு நாளையும் அவர்கள் மணிக்கணக்காகப் பிரித்து எனக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். கிளம்பும் நேரம் தெரியாமல் அவர்களால் அதைச் செய்ய முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

என்ன கொண்டுபோவது என்பது அடுத்த பாடு. பயணிகள் இறைச்சி, பால் பொருட்களை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. அதனால் அம்மா உருக்கி வைத்திருந்த நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பெட்டியிலிருந்து இறங்கின. பெரும்பாலான பழங்களுக்கும் செடி வகைகளுக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், ஆகவே மாம்பழமும் கறிவேப்பிலையும் இல்லை. கடைசியில் மிஞ்சியது கோவில்பட்டிக் கடலை மிட்டாய், ஒரு பத்தமடைப் பாய், அம்மா ஒரு சின்ன பாட்டிலில் அடைத்துத் தந்த தாமிரபரணித் தண்ணீர். பாட்டிலைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டேன், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.

மாமா வழியனுப்ப வந்தவர் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். "நெலத்தப் பத்தி வாயத் தொறந்துராத. அவுகளுக்கும் பங்கு இருக்குன்னு தெரிஞ்சா வம்பு." சரி என்று தலையாட்டினேன்.

சனிக்கிழமை மதியம் மூன்றரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். ரயில் எழுபது நிமிடம் தாமதம். நம்மூரில் இது செய்தியே இல்லை, போய்ச் சேர்ந்த பிறகு 'ரயில் லேட்டு' என்றால் முடிந்தது. நல்லவேளையாகப் பக்கத்து இருக்கைக்காரர், "உன்னை எதிர்பார்ப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடு" என்றார். செய்தி அனுப்பினேன். 'நன்றி. அப்படியானால் கேக்கை நாலே முக்காலுக்கு வெட்டுகிறோம்' என்று பதில் வந்தது. இன்னொன்றும் அவர்தான் சொன்னார்: ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட் விலையில் கால் பங்கு, இரண்டு மணிக்கு மேல் என்றால் பாதி திரும்பக் கிடைக்கும். விண்ணப்பித்தேன், வந்தது.

ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்திலேயே பூ வாங்கினேன். ஒற்றைப்படையில் வாங்க வேண்டும், சிவப்பு ரோஜா காதலர்களுக்கு, வெள்ளை லில்லி சாவுக்கு என்று அலுவலகத்தில் பாடம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஏழு மஞ்சள் துலிப்.

மணி அடித்ததும் கதவு திறந்தது. மேலே ஏறினால் மூன்றாவது மாடிப் படிக்கட்டில் ஒரு பெண்மணி துடைப்பத்தோடு நிற்கிறார். முகம் அப்படியே என் ஆச்சி. அதே நெற்றி, அதே காது. நிறம்தான் வேறு. அந்த வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கியது. ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள ஸ்வாபியப் பகுதிக்கே உரிய 'கேர்வோகே' முறை அது. பொதுப் படிக்கட்டையும் வாசலையும் வாரத்துக்கு ஒரு வீடு முறை வைத்துக் கூட்டித் துடைக்க வேண்டும், முறை யாருடையதோ அவர்கள் கதவில் அட்டை தொங்கும். முதல்முறையாக வரும் உறவுக்காரிக்காகக்கூட அதைத் தள்ளிப்போடவில்லை. எனக்கு அது பிடித்துப்போனது. துடைப்பம் பிடித்த கை நீட்டிக் குலுக்கினார், அப்புறம் என்ன நினைத்தாரோ, கட்டிக்கொண்டார்.

செருப்பை வெளியே கழற்றினேன். வீட்டுக்குள் போட எனக்கென்று ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு எடுத்து வைத்திருந்தார்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்பது முதல் சிக்கல். பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார். ஐம்பத்து நான்கு வயதுக்காரரைப் பெயர் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அம்மாவுக்குத் தாய்மாமன் மகள், அதாவது அம்மாவுக்கு மதினி, ஆகவே எனக்கு அத்தை என்று விளக்கினேன். ஜெர்மனில் அப்பாவின் அக்கா, அம்மாவின் தங்கை எல்லோரும் 'டான்ட்டே'தான், முறை என்று ஒன்று கிடையாது. ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டியதும் அவர் பொறியாளரைப் போல உற்றுப் பார்த்து (பொறியாளர்தான்), "அப்படியென்றால் என் மகன் உனக்கு?" என்றார். அந்தப் பையனுக்கு வயது பத்தொன்பது, எனக்கு முப்பத்தெட்டு, ஊரில் இரண்டு பிள்ளைகள். முறைமாப்பிள்ளை என்ற சொல்லை அந்த நேரத்தில் விளக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அன்று முழுக்க அவரை அத்தை என்றே கூப்பிட்டேன். சாயங்காலத்துக்குள் அவரே தொலைபேசியில் யாரிடமோ 'நான் இவளுக்கு அத்தை' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாடு சாப்பிடாமல் போயிருந்தேன். உறவுக்காரர் வீட்டுக்கு முதல் தடவை போகிறோம், சோறு போடாமலா இருப்பார்கள்? போடவில்லை. அவர்கள் கூப்பிட்டது காப்பிக்கும் கேக்குக்கும். மூன்று, மூன்றரை மணிக்கு அழைப்பு என்றால் அதுதான் அர்த்தம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆப்பிள் கேக் ஒரு துண்டு தின்றேன். இன்னொரு துண்டு வேண்டுமா என்று பாட்டி கேட்டார். நான் கற்றுவைத்திருந்த ஒரே ஜெர்மன் சொல்லைப் போட்டு 'டாங்கே' என்றேன், நன்றி, வையுங்கள் என்ற பொருளில். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒன்றை நீட்டும்போது 'டாங்கே' என்றால் 'வேண்டாம், நன்றி' என்று பொருளாம். வேண்டும் என்றால் 'கேர்னே' என்றோ 'யா, பிட்டே' என்றோ சொல்ல வேண்டும். தவிர, ஒரு தடவைதான் கேட்பார்கள். நாம் இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை இலையில் விழுவதை எதிர்பார்த்துப் பழகியவர்கள். அங்கே மறுத்தால், மறுத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அதில் மரியாதையும் இருக்கிறது, என் வயிறுதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏழு மணிக்கு ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஊறுகாய் வெள்ளரி என்று அடுப்பு மூட்டாத இரவுச் சாப்பாடு வந்தபோது கூச்சத்தை விட்டு நாலு துண்டு தின்றேன்.

பாட்டிக்கு எண்பத்து மூன்று. அவர் ஆங்கிலம் கொஞ்சம், ஸ்வாபிய வழக்கு நிறைய. அந்த வழக்கில் எந்தச் சொல்லுக்கும் பின்னால் 'லே' ஒட்டிக்கொள்ளும். சின்ன வீடு ஹொய்ஸ்லே, கொஞ்சம் என்பது பிஸ்லே, அவர்கள் சாப்பாட்டின் உயிரான மாவுச் சேவை ஷ்பெட்ஸ்லே. திருநெல்வேலிக்காரர் ஒருவர் வாலே, போலே, என்னலே என்று பேசிக்கொண்டு இந்த ஊரில் வந்து இறங்கியதை நினைத்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. காரணத்தைச் சொன்னதும் பாட்டி, "அவரும் அதைத்தான் சொல்வார். இங்கே எல்லோரும் என் ஊர்க்காரர்களாக இருக்கிறார்களே என்று" என்றார். மறுநாள் மதியம் பருப்பும் ஷ்பெட்ஸ்லேயும் செய்தார். பருப்பில் வினிகர் விடுகிறார்கள். புளிக்குப் பதில் என்று வைத்துக்கொண்டால் அது ஒரு தூரத்துச் சாம்பார்தான்.

தாத்தா மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு மொழி பேசினால் பிள்ளை குழம்பிப்போகும் என்று அந்தக் காலத்தில் பலரும் நம்பினார்கள். அத்தைக்குத் தெரிந்தவை மூன்று சொற்கள்: 'சாப்பிடு', 'போதும்', அப்புறம் 'ஏட்டி'. மூன்றாவது தன் செல்லப் பெயர் என்றார். அப்பா தனக்கென்று கண்டுபிடித்து வைத்த பெயர், உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது என்று.

நான் பெரிய அறிவாளிபோல, அது எங்கள் ஊரில் எல்லாப் பெண் பிள்ளைகளையும் கூப்பிடும் சொல், என்னைக்கூட அம்மா இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டேன். அத்தை "ஓ" என்றார். சிரித்தார். ஆனால் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. ஐம்பது வருடம் வைத்திருந்த ஒன்றை அரை நிமிடத்தில் சந்தைப் பொருளாக்கிவிட்டேன். அந்தப் பயணத்தில் நான் செய்த பிழைகளில் இது ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. கேட்டால் சொல்லலாம். அவர் கேட்கவில்லையே.

இரவு ஒரு காலணிப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே நீல வானஞ்சல் தாள்கள், நூற்றுக்கு மேல். எல்லாம் ஆச்சியின் கையெழுத்து. தாத்தா இறந்த பிறகு பதின்மூன்று வருடமாக அந்த வீட்டில் அவற்றைப் படிக்க ஆளில்லை. தூக்கிப்போடவும் மனசில்லை. நான் ஒவ்வொன்றாகப் படித்து ஆங்கிலத்தில் சொல்ல, அத்தை பாட்டிக்கு ஜெர்மனில் சொன்னார். ஆச்சிக்கு நிறுத்தற்குறி என்று ஒன்று இருப்பதே தெரியாது. கார் நெல் விளைச்சல், கிணற்றில் தண்ணீர், எருமை கன்று போட்டது, இன்னார் செத்தது என்று மூச்சு விடாமல் ஓடும் கடிதங்கள். 1971ல் ஒன்று: பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாளா, அந்த ஊர்க் குளிருக்கு நல்லெண்ணெய் கிடைக்குமா, மூக்கைப் பிடித்துவிடச் சொல். மூக்கு விஷயத்தை மொழிபெயர்த்ததும் இருவரும் அத்தையின் மூக்கைப் பார்த்துச் சிரித்தார்கள்.

1967 கடிதம் ஒன்று கையில் வந்தது. கல்யாணச் செய்தி எட்டியதும் எழுதியது. முதல் வரி, 'நீ செத்துட்டேன்னு நெனச்சுக்கிடுதேன்.' அதை மடித்து அடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். "அதுவா?" என்று கேட்டார். "அது வந்த அன்று அவர் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. இந்தக் கடிதங்களில் அது எது என்று எனக்குத் தெரியாமலே இருந்தது." படிக்கச் சொன்னார். படித்தேன். மூன்று வருடம் கழித்து, குழந்தையின் படத்தைப் பார்த்துவிட்டு ஆச்சி எழுதியதையும் உடனே எடுத்துப் படித்தேன். பாட்டி இரண்டு தாள்களையும் வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டார். இப்படிப் படிக்க உட்காருவதாக இருந்தால், முதலில் தனியாக ஒரு முறை புரட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. நான் செய்யவில்லை. எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டேன், மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன.

அத்தையிடம் ஒரு வம்ச வரைபடம் இருந்தது. பாட்டி பக்கம் தேவாலயப் பதிவேடுகளை வைத்து முன்னூறு வருடத்துக்கு மேல் போகிறது. தாத்தா பக்கம் இரண்டு கட்டங்கள், அப்புறம் வெள்ளை. என்னிடம் கொடுத்தார்கள். ஆண்களின் பெயர்களை ஐந்து தலைமுறைக்கு மளமளவென்று எழுதினேன். பெண்கள் வரிசையில் ஆச்சியின் அம்மா பெயரிலேயே நின்றுவிட்டேன். தெரியவில்லை. அம்மாவிடம் கேட்கலாம் என்றால் எஸ்லிங்கனில் இரவு ஒன்பதரை, கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், ஊரில் நள்ளிரவு ஒரு மணி. போகும் முன் இதையெல்லாம் ஒரு தாளில் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கலாம். விடிந்ததும் அழைத்தேன், பால்கனியில் நின்று, ஒலிபெருக்கியில். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. அத்தை மெதுவாக வந்து என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். ஞாயிறு அமைதி நாள். துணி துவைக்கும் எந்திரம்கூட யோசித்துத்தான் போடுகிறார்கள். நெல்லைத் தமிழ் மூன்று மாடிக்குக் கேட்டிருக்கும்.

காலைச் சாப்பாட்டின்போது அத்தை நேராகவே கேட்டார். "உனக்கு எங்களிடம் ஏதாவது வேண்டுமா? வேலை, விசா, அப்படி ஏதாவது?" எனக்குச் சுருக்கென்றது. இல்லை, பார்க்கத்தான் வந்தேன் என்றேன். "சரி. மனதில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் கேட்டேன்" என்று ரொட்டியில் வெண்ணெய் தடவத் தொடங்கிவிட்டார். அந்த நேர்மையில் எனக்கும் தைரியம் வந்து, மாமாவின் எச்சரிக்கையைப் போட்டு உடைத்தேன். அத்தை எழுந்துபோய்க் கோப்பு ஒன்றை எடுத்து வந்தார். தாத்தா தன் பங்கை ஆச்சிக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தின் நகல், 1974. இந்தியத் தூதரக அலுவலகத்தின் முத்திரையோடு. ஊருக்கு அனுப்பிய மூலத்தை ஆச்சி எந்த டிரங்குப் பெட்டிக்குள் போட்டாளோ. ஐம்பது வருடமாக மாமா பயந்த பயம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. படமெடுத்து அனுப்பினேன். மாமாவிடமிருந்து கும்பிடும் கை ஒன்று வந்தது, வேறு பேச்சு இல்லை.

கிளம்புவதற்கு முன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். தாத்தாவை எரித்துத்தான் இருக்கிறார்கள். ஆனால் அஸ்தியை வீட்டில் வைத்துக்கொள்ளவோ, இஷ்டப்பட்ட இடத்தில் கரைக்கவோ அந்த மாநிலச் சட்டம் விடுவதில்லை, பொதுவாகக் கலயத்தைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தாக வேண்டும். அந்த இடமும் சொந்தமில்லை, குத்தகை. தாத்தாவுக்கு 2031 வரை. அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிடுவார்கள். அஸ்தியைத் தாமிரபரணிக்கு அனுப்பவில்லை என்று ஊரில் இன்னும் சிலருக்கு மனவருத்தம் உண்டு. அனுப்ப மறுத்தார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பாட்டிலை எடுத்தேன். அத்தை முதலில் கேட்டது, "இது ஆற்றுத் தண்ணீரா? செடிக்கு ஒன்றும் ஆகாதே?" தண்ணீர் ஊற்றும் வாளிகள் எல்லாம் சங்கிலியில் பூட்டியிருந்தன, பேரங்காடி வண்டிபோல நாணயம் போட்டால்தான் கழலும். என்னிடம் நாணயம் இல்லை. பாட்டி பையிலிருந்து ஓர் யூரோ எடுத்துக் கொடுத்தார். வாளி நிறையக் குழாய்த் தண்ணீர் பிடித்து, அதில் தாமிரபரணியைக் கலந்து, மூவரும் மாற்றி மாற்றிப் பிகோனியாச் செடிகளுக்கு ஊற்றினோம். திரும்பும்போது பாட்டி மறக்காமல் வாளியை மாட்டி அந்த ஒரு யூரோவைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். படுப்பதற்கு என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

ரயில் நிலையத்தில் அத்தை ஒரு தாளை நீட்டி, குடும்பப் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். ஒன்றரை மாதம் கழித்து ஒரு படம் அனுப்பினார். கட்டட நிர்வாகத்திடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கியாயிற்று, தகட்டின் அளவு மற்றவற்றோடு ஒத்திருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை என்று ஒரு குறிப்பு. புதுப் பித்தளைத் தகடு, மேலே ரோமன் எழுத்தில், கீழே தமிழில் ஆச்சியின் அப்பா பெயர். தகடு வெட்டியவர் ஒரு புள்ளியை விட்டுவிட்டார். நான் சொல்லவில்லை.